மலைநாட்டு வீட்டுக்கு ஜீப் வாங்கப் போகிறீர்களா?



மஃரிபுக்குப் பின் வீட்டு முன்கூடத்தில் ஆண்கள் கூடியிருக்கிறார்கள். மேசைமீது வாகனப் படங்கள் அச்சிட்ட பளபளப்பான ஏடு விரிந்து கிடக்கிறது. "இந்தக் கலர்தான் எடுப்பா இருக்கு" என்கிறார் மகன். "இப்ப எல்லாரும் ஒட்டோ கியர்தான் எடுக்கிறாங்க" என்கிறார் மச்சான். "அலோய் வீல் இல்லாம என்ன ஜீப்?" என்கிறார் இன்னொருவர். நீங்கள் தேநீர்த் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறீர்கள். வாகனம் என்றால் அது ஆண்களின் விஷயம் என்று நமக்கு நாமே ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறோம்.

சற்று யோசித்துப் பாருங்கள். அந்த வண்டியில் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு வளைவுகளில் ஆடி ஆடிப் போகப் போவது யார்? நடுநிசியில் பிரசவ வலி எடுத்தால், தோட்டத்துப் பாதையிலிருந்து டிக்கோயா வைத்தியசாலைக்கு அதில் இறங்கப் போவது யார்? இன்று பல வீடுகளில் காலையில் பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கொண்டுபோய் விடுவதற்காக ஸ்டியரிங்கைப் பிடிப்பதும் உம்மாதானே! அப்படியிருக்க, தேர்ந்தெடுக்கும் நேரத்தில் மட்டும் நீங்கள் சமையலறையில் இருப்பது எந்த வகையில் நியாயம்?

நம் நாட்டில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரி 1 முதல்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஐந்து வருடங்கள் காத்திருந்தவர்கள் சேமிப்பையும் நகையையும் சேர்த்து வண்டி வாங்க நினைக்கிறார்கள். ஒரு குடும்பத்தின் வாழ்நாள் உழைப்பில் பெரும்பகுதி இதற்குப் போகிறது. எனவே, ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்து வீடு ஒன்று ஜீப் வாங்கும்போது எதற்குப் பணம் கொடுக்க வேண்டும், எதற்குக் கொடுக்கத் தேவையில்லை என்பதை இங்கே பார்ப்போம். ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: மலையில் வண்டியின் தரம் தெரிவது ஏறும்போது அல்ல, இறங்கும்போது.

அன்றைய ஜீப்பும் இன்றைய ஜீப்பும்

தோட்டத்துத் துரைமார் ஓட்டிய பழைய லேண்ட் ரோவர் பலருக்கு ஞாபகம் இருக்கும். 1948ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாக வெளிவந்த வண்டி அது. அதில் தேர்ந்தெடுக்கப் பெரிதாக எதுவும் இருக்கவில்லை. அலுமினியத் தகட்டு உடல், மேலே கன்வஸ் அல்லது தகரக் கூரை, கையால் மாற்றும் கியர், அதன் பக்கத்தில் இன்னொரு சின்னக் கியர்த் தண்டு. சொகுசு எதுவும் இல்லை. ஆனால் மலைக்குத் தேவையான மூன்றும் அதில் இருந்தன: நான்கு சக்கரத்துக்கும் இழுவை, தாழ்ந்த கியர், கல்லில் மோதினாலும் தாங்கும் அச்சு.

இன்றைய விற்பனை ஏட்டில் தேவையும் அலங்காரமும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. அரிசியில் கல் பொறுக்குவது போல அவற்றைப் பிரித்தெடுக்க வேண்டும். அந்த வேலை நமக்குப் புதிதா என்ன!

முதலில் உங்கள் பாதையைப் பாருங்கள்

வண்டியைப் பார்க்கும் முன் ஒரு தாளை எடுத்து, ஒரு வாரத்தில் நீங்கள் போகும் பாதைகளை எழுதுங்கள். அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியா செல்லும் ஏ7 பாதையும், பேராதனையிலிருந்து கம்பளை, ரம்பொடை வழியாக ஏறும் ஏ5 பாதையும் தார் போட்ட பெரும்பாதைகள். வளைவுகள் அதிகம்தான்; ஆனால் சேறும் பாறையும் இல்லை. உங்கள் பயணம் பெரும்பாலும் இவற்றில்தான் என்றால் உங்களுக்கு ஜீப்பே தேவையில்லாமல் இருக்கலாம். நல்ல பிரேக்கும் நல்ல டயரும் உள்ள சாதாரண கார் போதும்.

தோட்டத்துக்குள் போகும் பாதை வேறு. கொழுந்து லொறி ஏறி இறங்குவதற்காகக் கல் பதித்துப் போட்ட பாதைகள் பல இடங்களில் பெயர்ந்து கிடக்கின்றன. மழை பெய்தால் செம்மண் சோப்புப் போல வழுக்கும். கொண்டை ஊசி வளைவில் ஒரே திருப்பில் திரும்ப முடியாமல் பின்னுக்கு எடுத்துத் திருப்ப வேண்டியிருக்கும். தினமும் இப்படி ஒரு பாதையைக் கடக்கும் வீட்டுக்குத்தான் மேலே சொன்ன மூன்றும் அவசியம். 2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா புயலின்போது மண்சரிவால் மலைநாட்டுப் பாதைகள் எப்படி அறுந்து போயின என்பதை நாம் கண்டோம். அப்படிப்பட்ட நாளில் எந்த ஜீப்பும் பாதுகாப்பல்ல. வீட்டில் இருப்பதே, அல்லது சொன்ன நேரத்தில் பாதுகாப்பான இடத்துக்குப் போவதே அறிவு.

இறக்கம் என்ற சோதனை

2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதெல்ல குறுக்குப் பாதையில் பாடசாலை மாணவர்கள் வந்த பஸ், ஒரு வேனிலும் முச்சக்கர வண்டியிலும் மோதியது. ஏழு உயிர்கள் போயின. 2025 மே 11 அதிகாலை கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் வேறு வேறாக இருக்கலாம். ஆனால் மலைச்சரிவு ஒரு தவறை இரண்டாம் முறை மன்னிப்பதில்லை என்பதில் சந்தேகமில்லை.

இறக்கத்தில் என்ன நடக்கிறது? நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கம்பளைக்கு இறங்கினால் 1,000 மீற்றருக்கு மேல் கீழே வருகிறோம். ஒரு சிறிய ஜீப்பும் அதில் நான்கு பேரும் சேர்ந்து சுமார் 1,400 கிலோ என்று வையுங்கள். அந்த எடையை 1,000 மீற்றர் இறக்கும்போது வெளியாகும் சக்தி, 40 லீட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது! கல்யாண வீட்டில் அவ்வளவு தண்ணீரைக் கொதிக்க வைக்க எவ்வளவு விறகு வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். அதில் ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். மீதி முழுவதையும் பிரேக்கின் தலையில் கட்டினால் அது என்ன பாடுபடும்? பிரேக் கட்டைகள் சூடேறிப் பிடிப்பை இழக்கும். பழைய பிரேக் எண்ணெயில் ஈரம் சேர்ந்திருந்தால் அது கொதித்து, பெடல் பஞ்சு போல அமுங்கும். வண்டி நிற்காது.

இதற்கு மாற்று ஒன்றுதான். வண்டியை என்ஜினே பிடித்துக்கொள்ளும்படி தாழ்ந்த கியரில் இறங்குவது. ஒரு மேட்டை எந்தக் கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது மலைச் சாரதிகளின் பழைய பாடம். பெற்றோல் மிச்சம் என்று நியூட்ரலில் போட்டு இறங்குபவரின் வண்டியில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். இனி நாம் பார்க்கப் போகும் கியரையும் அச்சையும் இந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும்.

மெனுவலா, ஒட்டோவா?

கையால் மாற்றும் மெனுவல் கியரில் நீங்கள் போட்ட கியர் போட்ட இடத்திலேயே நிற்கும். இரண்டாம் கியரில் இறங்கினால் கீழே வரும்வரை அது இரண்டாம் கியர்தான். பழுது பார்ப்பதும் எளிது. குறை என்னவென்றால், மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது கிளச்சும் காலும் பழக வேண்டும். ஹட்டன் கடைத்தெருவின் ஏற்றத்தில், முன்னே பஸ்ஸும் பின்னே லொறியுமாக நிற்கும்போது புதிதாக ஓட்டுபவரின் கை நடுங்கும். கிளச்சை அரைகுறையாக மிதித்து மிதித்து எரித்துவிடுவோரும் உண்டு.

ஒட்டோ கியரில் அந்தச் சிரமம் இல்லை. தினமும் பாடசாலைக்கும் கடைக்கும் ஓட்டுபவர் நீங்கள் என்றால், ஒட்டோ கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் ஒரு நிபந்தனை: இறக்கத்தில் 'டி'யில் விட்டுவிட்டுப் பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது. வேகம் கூடக்கூட மேல் கியருக்குத் தாவுவது ஒட்டோவின் சுபாவம். ஆகவே தாழ்ந்த கியரில் பிடித்து நிறுத்த வழி இருக்கிறதா என்று பாருங்கள். உதாரணமாக, 2018இல் வெளிவந்த சுசுகி ஜிம்னியின் நான்கு கியர் ஒட்டோவில் 'டி'க்குக் கீழே '2', 'எல்' என்று இடங்கள் உண்டு. வேறு வண்டிகளில் கூட்டல், கழித்தல் குறியிட்டு கையால் மாற்றும் வசதி இருக்கும். அது எதற்கென்று தெரியாமலே வருடக் கணக்கில் ஓட்டுபவர்கள் பலர்.

மெனுவலோ ஒட்டோவோ, தினமும் ஓட்டப் போகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். மாதம் ஒருமுறை ஓட்டப் போகும் மச்சான் அல்ல!

நான்கு சக்கரமும் தாழ்ந்த கியரும்

ஜீப் போலத் தோற்றம் உள்ளதெல்லாம் ஜீப் அல்ல. டொயோட்டா ரைஸ், ஹொண்டா வெசல் போன்றவை உயரமான நல்ல குடும்பக் கார்கள். அவற்றில் சில நான்கு சக்கர இழுவையோடும் வருகின்றன. ஆனால் தாழ்ந்த கியர்ப் பெட்டி அவற்றில் இல்லை. தார்ப் பாதைக்கு அவை போதும். பெயர்ந்த தோட்டப் பாதையின் செங்குத்துக்கு அல்ல.

ஜிம்னி போன்ற வண்டியில் கியர்த் தண்டுக்குப் பக்கத்தில் சிறிய தண்டு ஒன்று இருக்கும். அதில் மூன்று நிலைகள். '2எச்' என்றால் பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும். தார்ப் பாதைக்கு இது. '4எச்' என்றால் நான்கும் இழுக்கும். சேற்றுக்கும் ஈரமண்ணுக்கும் இது. '4எல்' என்பதுதான் தாழ்ந்த கியர். அதில் போட்டால் எந்தக் கியரிலும் வேகம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்து, இழுவை இரு மடங்காகும். செங்குத்தான இறக்கத்தில் '4எல்', முதல் கியர் என்று போட்டால், பெடலை ஏறக்குறையத் தொடாமலே வண்டி நடை வேகத்தில் இறங்கும். இதற்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம். அமெரிக்காவின் ஜீப் ரங்லரில் இந்தத் தாழ்வு சாதாரண ரகத்துக்கு 2.72 மடங்கு, ரூபிகன் என்ற ரகத்துக்கு 4 மடங்கு. பாறையில் ஊர்ந்து விளையாடுபவர்களுக்கு அது தேவை. நமக்கு 2 மடங்கே தாராளம்.

ஒரு எச்சரிக்கை: இவ்வகை வண்டிகளைக் காய்ந்த தார்ப் பாதையில் '4எச்'சிலோ '4எல்'லிலோ ஓட்டக் கூடாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓடுகின்றன. இரண்டையும் இறுக்கிக் கட்டிவிட்டால் பற்சக்கரங்கள் முறுக்கேறிப் பழுதாகும்.

அச்சு பற்றி

பழைய லேண்ட் ரோவரைப் போல ஜிம்னிக்கும் முன்னும் பின்னும் ஒரே தண்டாகப் போகும் முழு அச்சு. ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மறு சக்கரம் தரையை நோக்கி அழுந்தும். கரடு பாதைக்கு இது பலம். தார்ப் பாதையில் குலுக்கல் சற்று அதிகம். மகிந்திரா தார் வண்டியில் முன்னால் தனித்தனியாக அசையும் சக்கரங்கள், பின்னால் முழு அச்சு. வளைவில் வாந்தி எடுக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இந்த வித்தியாசம் சிறிய விஷயமல்ல. வாங்கும் முன் பின் ஆசனத்தில் நீங்களே உட்கார்ந்து போய்ப் பாருங்கள்.

அச்சின் நடுவில் இருக்கும் டிபரன்ஷல் என்ற பெட்டி, வழுக்கும் சக்கரத்துக்கே சக்தியை அனுப்பும் குணமுடையது. ஒரு சக்கரம் சேற்றில் சுழல, மற்றது சும்மா நிற்பது இதனால்தான். இதைத் தடுக்க இரண்டு வழிகள்: டிபரன்ஷலைப் பூட்டும் லொக், அல்லது சுழலும் சக்கரத்தை மட்டும் தானாகப் பிரேக் பிடிக்கும் மின்னணு முறை. ஜிம்னியில் இரண்டாவது முறை இருக்கிறது. குடும்ப உபயோகத்துக்கு அது போதும்.

இன்னொன்று அச்சு விகிதம். என்ஜினிலிருந்து வரும் தண்டு எத்தனை முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும் என்ற கணக்கு அது. ரங்லரின் ரூபிகன் ரகத்தில் அது 4.10. எண் கூடினால் ஏற்றத்தில் இழுவை கூடும். இறக்கத்தில் என்ஜின் பிடிப்பும் கூடும். ஜப்பானிய வண்டிகளில் இதைத் தொழிற்சாலையே தீர்மானித்துவிடுகிறது; நாம் தேர்ந்தெடுக்க வழியில்லை. ஆனால் நம் பிள்ளைகள் அழகுக்காகப் பெரிய டயர் பூட்டினால், அந்த எண்ணைக் குறைத்தது போலாகிவிடும். வண்டி ஏற்றத்தில் திணறும், இறக்கத்தில் ஓடும். எனவே, தொழிற்சாலை சொன்ன அளவு டயரையே பூட்டச் சொல்லுங்கள்.

ரகம்: எதற்குக் கூடுதல் பணம்?

இப்போதுதான் ஏட்டின் பளபளப்பான பக்கத்துக்கு வருகிறோம். ஒரே பெயரில் பல ரகங்கள் இருக்கும். இங்கே இரண்டு விதமாக ஏமாறலாம்.

முதலாவது, குறைந்த ரகத்தில் முக்கியமானதே இல்லாமல் போவது. 2024 ஆகஸ்டில் இந்தியாவில் வெளிவந்த தார் ரொக்ஸ் வண்டி அப்போது டீசல் என்ஜினோடு, அதுவும் மேல் ரகங்களில் மட்டுமே நான்கு சக்கர இழுவையோடு வந்தது. கீழ் ரகம் பார்வைக்கு அதே வண்டி. இழுப்பது பின் சக்கரங்கள் மட்டும். "ஜீப் வாங்கிவிட்டோம்" என்று மகிழ்ந்து தோட்டத்துக்குக் கொண்டுபோன பிறகு அழுது பயனில்லை.

இரண்டாவது, தேவையானதெல்லாம் கீழ் ரகத்திலேயே இருக்க, அலங்காரத்துக்காக மேல் ரகம் வாங்குவது. 2023இல் இந்தியாவில் வந்த ஐந்து கதவு ஜிம்னியை எடுங்கள். சீட்டா, அல்பா என இரண்டு ரகங்கள். நான்கு சக்கர இழுவை, தாழ்ந்த கியர், ஆறு காற்றுப் பைகள் மூன்றும் இரண்டிலும் உண்டு. மேல் ரகத்தில் கூடுதலாகக் கிடைப்பவற்றில் அலோய் வீல், பெரிய திரை, எல்.ஈ.டி. முன்விளக்கு ஆகியவை அடங்கும். இவற்றில் விளக்கு மட்டும் யோசிக்க வேண்டியது. பிற்பகல் மூன்று மணிக்கே பனிமூட்டம் இறங்கும் ஊர் நமது. ஆனால் மூட்டத்துக்கான விளக்குகளைத் தனியாகவும் பூட்டலாம். அலோய் வீலும் பெரிய திரையும் ஒரு மேட்டையும் ஏற்றாது. ஓர் இறக்கத்திலும் பிடிக்காது.

ஜப்பானிலிருந்து வரும் பாவித்த வண்டி என்றால் இன்னொரு குழப்பம். ஏலத் தாளில் 'கிரேட்' 4 அல்லது 4.5 என்று இருப்பது வண்டியின் நிலையைக் குறிக்கும், ரகத்தை அல்ல. 1,500 சி.சி. ஜிம்னியில் ரகம் என்பது 'ஜே.எல்.', 'ஜே.சி.' போன்ற எழுத்துகள். இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

மேலும், நம் நாட்டில் வாகன வரி என்ஜின் கொள்ளளவைப் பொறுத்து ஏறுகிறது. பெரிய என்ஜின் என்றால் வாங்கும்போதும் செலவு, ஓடும்போதும் செலவு. 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்று, க்யூ.ஆர். முறையில் அளந்து வாங்கியதை மறந்திருக்க மாட்டீர்கள்.

எத்தனை பேர் வீட்டில்?

ஆண்கள் மறந்துபோகும் கேள்வி இது. ஜிம்னியில், ஐந்து கதவு உள்ளதிலும்கூட, ஆசனம் நான்குதான். மூன்று கதவு வண்டியில் பின் ஆசனத்துக்குப் பின்னால் இருக்கும் இடம் 85 லீட்டர். ஓர் அரிசி மூட்டையோடு சரி. ஐந்து கதவில் 208 லீட்டர். மூன்று பிள்ளைகளும் மாமியும் உள்ள வீட்டுக்கு இது எப்படிப் போதும்? மடியில் பிள்ளையை வைத்துப் போவது மலைப்பாதையில் மிகப் பெரிய ஆபத்து. ஒவ்வொரு தலைக்கும் ஓர் ஆசனம், ஓர் ஆசனப் பட்டி என்பதே கணக்கு. அதற்கு இடமில்லாவிட்டால் அந்த வண்டி எவ்வளவு நன்றாக மலை ஏறினாலும் உங்கள் வீட்டு வண்டி அல்ல.

முடிவாக, சகோதரிகளே! இம்முறை தேநீர்த் தட்டை வைத்துவிட்டு உள்ளே போகாதீர்கள். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்காருங்கள். நான்கு கேள்விகள் கேளுங்கள்: "இதில் தாழ்ந்த கியர் இருக்கிறதா? இறக்கத்தில் கியரைப் பிடித்து வைக்க முடியுமா? ஒவ்வொருவருக்கும் ஆசனப் பட்டி இருக்கிறதா? அலங்காரத்துக்குக் கொடுக்கும் பணத்தில் நல்ல டயரும் பிரேக் பராமரிப்பும் எத்தனை வருடத்துக்கு வாங்கலாம்?" வண்டியைக் கையேற்ற முதல் வெள்ளிக்கிழமை, ஓட்டப் போகும் ஒவ்வொருவரும் வெறும் வண்டியில், பழகிய ஓர் இறக்கத்தில், தாழ்ந்த கியரில் இறங்கிப் பழகுங்கள், உங்கள் மகளும்தான்.

நிறத்தை வேண்டுமானால் மகன் தேர்ந்தெடுக்கட்டும். கியரையும் அச்சையும் ஆசனத்தையும் நீங்கள் கேட்டுத் தெரிந்துகொண்டு ஒப்புக்கொண்ட பிறகுதான் முற்பணம் வீட்டை விட்டு வெளியே போக வேண்டும்.